சுவருக்குள் ஒரு ஒயர்

"பிரீமியம் ஒரேயடியா எகிறுதே, மேடம்! நான் இந்த வீட்டை வாங்கியே ரெண்டு வருஷந்தான் ஆகுது. வெள்ளம் வராத மேட்டுத் தெரு, கூரையும் புதுசு" என்று பொரிந்து தள்ளினார் வீட்டுக்காரர்.

இன்சூரன்ஸ் சர்வேயர் அம்மாள் நேராக மாடி அறைக்குப் போய், ஜன்னலோரச் சுவரைத் தடவினாள்.

"அதுக்கெல்லாம் குறைச்சுத்தான் போட்டிருக்கோம் சார். ஆனா இந்தப் பூச்சுக்குள்ள பழைய ஒயர் ஒண்ணு ஓடுது. தீப்பிடிக்கிற ஆபத்து. அதை எடுத்துட்டா பிரீமியம் இறங்கிடும்."

"சுவரை உடைக்காமலே எப்படித் தெரியும்? சும்மா அடிச்சு விடாதீங்க!"

அவள் அலமாரியை நகர்த்தச் சொன்னாள். பின்னால், பெயின்ட் அப்பிய பழைய சுவிட்ச் ஒன்று இருந்தது.

வீட்டுக்காரர் குனிந்து அதைப் பார்த்தார். "எந்த அரைகுறை பார்த்த வேலை இது?"

"எங்கப்பா சார்" என்றாள், சுவரிலிருந்து கையை எடுக்காமல். "அப்ப நாங்க இங்க வாடகைக்கு இருந்தோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வசதியில்ல. நான் உட்கார்ந்து படிக்க ஒரு லைட் வேணும்னு அவரே இழுத்தாரு."

பிறகு படிவத்தில் 'ஒயரை அகற்ற வேண்டும்' என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினாள்.

"எடுத்துடறேம்மா" என்றார் வீட்டுக்காரர், குரல் இறங்கி. "சுவிட்சை மட்டும் பத்திரமா கழட்டச் சொல்றேன். அது உங்களுக்கு."