தாங்கிப் பிடித்த கைகள்

அந்தக் காலத்துக் குத்துச்சண்டைக்காரன் பெரியவனா, இந்தக் காலத்தவனா என்று மோதவிட்டுப் பார்ப்பது ராயபுரத்தில் இப்போது வழக்கமாகிவிட்டது. இறந்துபோன குத்துச்சண்டை வீரர் எட்வினின் ஆட்டமுறையை ஏற்றிய மனித உருவ இயந்திரத்தோடு இன்று மோதுபவன் அவர் மகன் சவரி.

"பயப்படாதம்மா. எதிராளி தள்ளாடுனா நைனா அடிக்க மாட்டாரு. கட்டிப் புடிச்சு நிக்க வெச்சுடுவாரு. ஊருக்கே தெரியுமே!" என்று சிரித்தபடி மேடையேறினான்.

மணி அடித்த பிறகு, இயந்திரத்தை இயக்குபவரிடம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டாள் அவன் அம்மா லூர்து.

"கட்டிப் புடிக்கிறதா? அதைக் குறைன்னு எடுத்துட்டோம்மா. அது இருந்தா ஒப்பிடுறது நியாயமா இருக்காது."

லூர்து அலறினாள். கூட்டத்தின் இரைச்சலில் அது மேடைவரை எட்டவில்லை.

அங்கே முழங்கால் மடங்கிய சவரி, முகத்தைக் காத்த கைகளை இறக்கிவிட்டு, நைனாவின் தோளில் சாய முன்னே வந்துகொண்டிருந்தான்.