பெயர் இல்லாத படிவம்

தலைநகரிலிருந்து வந்த அரசு அதிகாரி டால்ட்டன், தீயணைப்பு நிலையத்தின் அறைக்கதவைச் சாத்தினார்.

"நாங்க எடுத்த மனநலக் கணக்கெடுப்புல பேர் கேக்கலை, ஜோலீன். ஆனா இந்த நிலையத்துலேர்ந்து ஒருத்தர், 'உயிரோட இருக்கவே பிடிக்கலை'ன்னு எழுதியிருக்காங்க. 'பெண்'ணுன்னு டிக் அடிச்சிருக்காங்க. இங்க நீங்க ஒருத்தர்தான் பெண்."

ஜோலீனுக்குப் பக்கத்தில் கேப்டன் வெர்னன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னை இனிமே தீயணைப்பு வண்டியில ஏத்த மாட்டீங்களா?" ஜோலீன் கேட்டாள்.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது. வாராவாரம் டாக்டரைப் பாக்கணும், அவ்வளவுதான். எழுதினது நீங்கதானே?"

கேப்டன் வாயைத் திறந்தார். ஜோலீன் முந்திக்கொண்டாள்.

"நான்தான். ஆனா தனியாப் போக மாட்டேன். கேப்டனும் வரணும். டாக்டர் முன்னாடி அவரும் உக்காரணும்."

டால்ட்டன் இருவருக்கும் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். பனியில் அவருடைய கார் மறைந்ததும், ஜோலீன் தன் லாக்கரிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் போட்டாள். கணக்கெடுப்புக்காக அவளுக்குக் கொடுத்த படிவம். ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை.

கேப்டன் அந்த வெற்றுப் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"எல்லா ஊர்ப் படிவத்தையும் ஒண்ணா சேர்த்துக் கூட்டிடுவாங்கன்னு நெனச்சேன். பெண்ணுன்னு போட்டா நான்னு யாருக்கும் தெரியாதுன்னு..."

"பொய்கூட ஒழுங்கா எழுதத் தெரியலை உங்களுக்கு. அந்த ரெண்டு குழந்தைங்களை நெருப்புலேர்ந்து உயிரில்லாமத் தூக்கிட்டு வந்தீங்களே, அன்னிலேர்ந்து நீங்க தூங்கலை. எனக்குத் தெரியாதா?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை நாலு மணி, கேப்டன். நீங்க வரலைன்னா, சைரன் போட்டுக்கிட்டு உங்க வீட்டு வாசலுக்கே வந்துடுவேன்."