நீலத்தட்டு உருண்டைகள்

விடுமுறைக்கு வந்திருக்கும் அண்ணன் மகளுக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அத்தை கெட்டிக்காரிதான், வெறும் கோகோ தூளில் புரட்டிய சாக்லேட் உருண்டைகளை அவளுக்கென்று நீலத்தட்டில் தனியாக அடுக்கியிருக்கிறாள். வெள்ளைத்தட்டில் இருப்பவை கடலைப்பொடியில் புரண்டவை. சன்னல் வெயிலில் இரண்டும் மெல்ல இளகுகின்றன. குழந்தையின் உதட்டோரம் பழுப்புக் கறை. அத்தை இரண்டு தட்டுகளையும் மாறி மாறிப் பார்க்கிறாள். “எதுலடி எடுத்தே?” “என் தட்டுலதான் அத்தை. ஒண்ணே ஒண்ணு.” நீலத்தட்டில் ஓர் உருண்டைதான் குறைகிறது. போன உயிர் திரும்பி வருகிறது. கை கழுவக் குழாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிடுகிறாள். முதலில் உருட்டியது வெள்ளைத்தட்டுக்கு. நடுவில் கை கழுவவே இல்லை. உள்ளங்கை ரேகைகளில், கோகோவுக்கு அடியில், கடலைப்பொடி. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் குழந்தை இருமுகிறது.