பழகாத கை

"ஏமாத்திட்டீங்களே! மூணு தகடு ஒட்டின பார்தான் சீக்கிரம் தேயும், ஒரே இரும்புல செஞ்சது வருஷக்கணக்கா உழைக்கும்னீங்க. ரெண்டு மாசம்கூடத் தாங்கலை."

மரம் அறுப்பவர் நீட்டிய பாரை, மெஷின் ரம்பத்தின் சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டையை, கடைக்காரர் திருப்பிப் பார்த்தார்.

"சரக்குல குறை இல்லை. சங்கிலி ஓடுற பள்ளத்துல ஒரு ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. யாரோ மெஷினைச் சாய்ச்சுப் பிடிச்சு அறுக்கிறாங்க. இது பழகாத கை."

மரம் அறுப்பவருக்குச் சட்டென்று வீட்டோடு இருக்கும் மச்சினன் ஞாபகம் வந்தது. அவர் மரம் விலை பேசப் போகும் நாட்களில் மெஷின் வீட்டில்தான் இருக்கும். திருட்டுத்தனமாக எடுத்துப்போய் வெளிவேலை பார்க்கிறானோ?

மறுநாள் வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியிலேயே திரும்பினார். கொல்லையில் மெஷின் சத்தம். கையும் களவுமாகப் பிடிக்க ஓடினார்.

மச்சினன் சும்மாதான் நின்றிருந்தான். விறகு அறுத்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி.

"உனக்கு எதுக்குடி இந்த வேலை?"

அவள் மெஷினை அணைத்தாள்.

"இந்த மெஷின் அதிர்வுல உங்க விரல்தான் மரத்துப் போச்சே. சட்டைப் பித்தான் போட நீங்க படுற பாட்டைத் தினமும் பார்க்கிறேன். எத்தனை நாளைக்கு மறைப்பீங்க? அதான் தம்பியைத் துணைக்கு வச்சுக்கிட்டு நான் பழகுறேன்."

யாருக்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார். தன் கைகளையே பார்த்தபடி நின்றவர், மெல்ல அவள் பக்கத்தில் போனார்.

"மெஷினை அழுத்தாதே. அறுக்க அதோட எடையே போதும்" என்றார்.