சுத்தமான பிரதி

அரசு நிலத்தில் கல்குவாரிக்கு இன்னும் பத்து வருஷம் அனுமதி தரலாமா என்று விசாரித்த சட்டமன்றக் குழு முன்னால், பாறை உடைக்கும் ஒருவர் சாட்சி சொன்னார். நாலு வார்த்தைக்கு ஒரு இருமல். குழுத் தலைவர் முகம் சுளித்தார்.

“இந்த லொக்கு லொக்கெல்லாம் குறிப்புல வேண்டாம்மா.”

ஸ்டெனோ அம்மா தலையாட்டினாள். இருபது வருஷக் கை. ஒரு இருமல்கூட மிஞ்சாமல் எடுத்துவிட்டு, வழுவழுவென்று தட்டச்சு செய்து வைத்தாள்.

விதிப்படி சாட்சி அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து அவர் மனைவிதான் வந்தாள். விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“எவ்வளவு கோர்வையா பேசியிருக்கார் பாத்தீங்களா?” ஸ்டெனோ அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“இருமினதைக் காணோமே?”

“அது எதுக்குன்னு எடுத்துட்டோம்மா. அவரை ஒரு நடை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க.”

“முந்தாநாள்தான் அடக்கம் பண்ணோம்.”



மனைவி காகிதங்களை ஸ்டெனோ அம்மா பக்கமே தள்ளினாள்.

“அந்த இருமலைத் திரும்ப எழுதிடுங்கம்மா. அவருக்குப் பேசவெல்லாம் வராது. இருமிக் காட்டத்தான் அன்னைக்கு வந்தாரு.”