யாரும் வருவதற்குள்

பூண்டுச் சோறு வறுத்துக் கருவாடு பொரிக்கிறேன். பழக்கத்தில் இரண்டு தட்டுகள் வைக்கிறேன். நேற்றுதான் என் மனைவி ரோஸ்வில்டாவை அடக்கம் செய்தோம். திறந்து கிடக்கும் வெளிக்கதவில், வரப்போகும் மாகாண சபைத் தேர்தலுக்கு மறுபடி நின்ற அவள் படம் வெயிலில் பாதி வெளுத்துத் தொங்குகிறது. கட்சித் தலைவரான அவளுடைய சித்தப்பா தெமியோ உள்ளே வந்து, அவள் தட்டின் முன் உட்கார்ந்து, ஒரு கருவாட்டை எடுத்துக் கடிக்கிறார். “அவ எடத்துல நீயே நில்லு மாப்பிள்ளை. ஒரே குடும்பப் பேரு, அவளுக்கு விழற ஓட்டு உனக்குத்தான், அச்சடிச்ச ஓட்டுச் சீட்டைக்கூட மாத்த வேணாம். ஆனா இவ்வளவு உப்பா சமைச்சா எவன் ஓட்டுப் போடுவான்?” அவரே சிரிக்கிறார். “‘என் மக்களைப் பாத்துக்கோ’ன்னு அவ கடைசியா உங்கிட்ட சொன்னதா போஸ்டர் அடிச்சாச்சு.” எண்ணெய் சடசடக்கிறது. இதே அடுப்பருகில் நின்று அவள் கடைசியாகச் சொன்னது: “வெளிக்கதவைப் பூட்டிடேன். இன்னிக்காவது யாரும் வர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் சாப்பிடலாம்.”