டிரம் இல்லாத ஞாயிறு

வெறுங்காலை மரமேடையின் விளிம்பில் பதித்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். நாற்பது வருடமாக அவள் பாட்டைக் கேட்டதெல்லாம் உள்ளங்காலால்தான். மேடையில் டிரம் அடித்தால் பலகை அதிரும். அதிர்வு முழங்கால் வழியாக ஏறி நெஞ்சில் வந்து உட்காரும். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து பாடிவிடுவாள். முதல் பெஞ்சின் அந்த ஓரம் அவளுக்கென்றே ஆகிப்போன இடம்.

இன்று டிரம் இல்லை. கீபோர்டும் இல்லை.

புதிதாக வந்த போதகர் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். புதிய ஏற்பாட்டுச் சபையில் வாத்தியம் எங்கே இருந்தது என்று போன வாரம் கேட்டாராம். ஆண்டவருக்கு மனுஷக் குரல் ஒன்றே போதும் என்றாராம். சபையும் பூம்பூம் மாடாகத் தலையாட்டியிருக்கிறது. மருமகள் ஷெர்லின் ஃபோனில் தட்டிக் காட்டித்தான் அவளுக்கே தெரியும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் எழுந்தார்கள். அவளும் எழுந்தாள்.

வாய்கள் திறந்தன.

பாட்டுப் புத்தகத்தில் விரலை வைத்தாள். ஷெர்லினின் வாயைப் பார்த்தாள். ஒரு சொல்லைப் பிடிப்பதற்குள் அது அடுத்த வரிக்குப் போயிருந்தது.

ஆனது ஆகட்டும் என்று பாடினாள். அடிவயிற்றிலிருந்து பாடினாள்.

ஆண்கள் பக்கம் ஒருவர் திரும்பினார். பிறகு ஒரு வரிசையே திரும்பியது. இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன.

போதகர் மேடையிலிருந்து குனிந்து ஷெர்லினிடம் ஏதோ சொன்னார்.

ஷெர்லின் ஃபோனை எடுத்தாள். தட்டினாள். அழித்தாள். மறுபடி தட்டி நீட்டினாள்.

"அத்தை, நீங்க மனசுக்குள்ள பாடுங்களேன். பாஸ்டர் சொல்றாங்க."

இரண்டு தரம் படித்தாள்.

அப்படியானால் இத்தனை வருடமும் அவள் குரலை டிரம்தான் மூடி வைத்திருந்தது. அது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. 

மருமகளின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லத்தான் கேட்டாள்.

"அப்போ எந் தொண்டையில கெடக்கது மனுசக் குரல் இல்லியா, ட்டி?"

அத்தனை வாய்களும் நின்றன.